பிரதியீடும் சார்பும்

எமது கல்லூரியில் ஒன்பதாம் வகுப்புக்கு அட்சரகணிதம் கற்பித்த ஆசிரியர், ஒவ்வோர் ஆண்டும் முதலாந் தவணையில் ஒரே கணக்கைக் கரும்பலகையில் எழுதுவார். அ² என்னும் கோவையில் அ = –3 எனப் பிரதியிடுக என்பதே அக்கணக்கு. வகுப்பிற் பாதிப்பேர் –3² என்றெழுதி, –9 என விடை காண்பர். 1974ஆம் ஆண்டில் அப்பாதிப்பேருள் நானும் ஒருவன். ஆசிரியர் சினங் கொள்வதில்லை. வெண்கட்டியை எடுத்து –3 என்பதன் இருபுறமும் இரண்டு வளைகோடுகளை இடுவார். விடை 9 ஆகிவிடும். பின்னர் எம்மை நோக்கி, “எழுத்தை எடுத்துவிட்டு எழுத்தை வைத்தாய், எண்ணை வைக்கவில்லை” என்பார்.

அச்சொற்களின் முழுப் பொருளையும் நான் உணர்ந்தது நாற்பது ஆண்டுகள் கழிந்த பின்னராகும். அதுவும் கணிதத்திலன்று, கணினியில். ஒரு நட்டத்தின் வாயிலாக. அந்த நட்டம் அவ்வாசிரியரோடு தொடர்புடையதாகையால் அதனை இம்மலரின் வாசகர்க்கு மறைத்தல் தகாது. உரிய இடத்திற் கூறுவேன். பாடம் முன்னே செல்லட்டும்.

கணினியை ஆளும் மென்பொருளின் உட்பகுதியைக் கரு என்றும், மனிதர் எழுதும் கட்டளைகளை ஏற்று அக்கருவிடம் ஒப்புவிக்கும் வெளிப்பகுதியை ஓடு என்றும் யுனிக்ஸ் முறைமையில் உருவகித்து வழங்குவர். ஓடு எனப் பொருள்படும் ஷெல் என்னும் பெயரே இன்று எம்மவரிடையிலும் வழங்குகின்றது. நாடோறும் ஒரே கட்டளைகளைத் தட்டெழுதிச் சலித்தவன், அவற்றை ஒன்றன்கீழ் ஒன்றாக ஒரு கோப்பில் எழுதி வைத்து, அக்கோப்பை இயக்குக என ஒரு சொற் சொன்னாற் போதும். ஷெல் மேலிருந்து கீழாக அவற்றை நிறைவேற்றிவிடும். இவ்வாறு எழுதப்படுவதை ஸ்கிரிப்ட் என்றும், அதனை எழுதுதற்குரிய மொழியை ஸ்கிரிப்ட் மொழி என்றும் கூறுவர். பெல் ஆய்வுகூடத்தில் ஸ்டீவன் போர்ன் ஆக்கி 1979இல் யுனிக்ஸின் ஏழாம் பதிப்போடு வெளிவந்த ஷெல்லும், அதன் வழியில் பிரயன் பொக்ஸ் எழுதி 1989இல் வெளிவந்த பாஷ் என்னும் ஷெல்லும் இவ்வகை மொழிகளுட் பெயர் பெற்றவை. இப்பாடத்திற் பெரும்பாலும் பாஷையே எடுத்துக்கொள்வேன். அதன் கட்டளைப் பெயர்களை வாசிப்போர் வசதி கருதித் தமிழ்ப்படுத்தியும், குறியீடுகளை இருந்தவாறும் தருகின்றேன்.

எம்மொழியில் எழுதுவோனுக்கும் விரைவில் ஒரு தேவை தோன்றும். நீண்டதொரு கட்டளைத் தொடரைப் பன்முறை எழுத நேர்கையில் அதற்கு ஒரு சிறு பெயரிட்டு, அப்பெயரால் அதனை அழைக்க விரும்புவான். இதற்கு இரண்டு வழிகள் உள. பெயரைக் காணுமிடமெல்லாம் அதனை அழித்து, அதற்குரிய தொடரை அவ்விடத்தில் எழுதிவிடுவது ஒரு வழி. இதுவே மக்ரோ. பெயரைக் கண்டவுடன் அப்பெயருக்குரிய இடத்துக்குச் சென்று, கொடுக்கப்பட்டவற்றைப் பெற்று, வேலையை முடித்து, புறப்பட்ட இடத்துக்கே மீள்வது மற்றைய வழி. இதுவே சார்பு. முன்னது எழுத்தரின் தொழில். என்ன எழுதுகின்றோம் என்பதை அறியாமற் பிரதி பண்ணுவது. பின்னது, கொடுத்த காரியத்தை வாங்கிச் செய்து விடையோடு திரும்பும் உதவியாளரின் தொழில்.

இவ்வேறுபாடு புதியதன்று. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் 1949ஆம் ஆண்டு மே மாதம் முதன்முதல் இயங்கிய எட்சாக் என்னும் கணினியிற் பணிபுரிந்த மொரிஸ் வில்க்ஸ், டேவிட் வீலர், ஸ்டான்லி கில் ஆகிய மூவரும் 1951இல் வெளியிட்ட செய்நிரல் நூலில், துணைநிரல்களைத் திறந்தவை, மூடியவை என இரண்டாகப் பகுத்தனர். வேண்டும் இடந்தோறும் முழுமையாகப் பிரதி செய்து நுழைக்கப்படுவது திறந்த துணைநிரல். ஓரிடத்தில் மாத்திரம் இருந்து, எங்கிருந்து அழைக்கப்பட்டாலும் வேலை முடிந்ததும் அழைத்த இடத்துக்கே மீள்வது மூடிய துணைநிரல். மீளுதல் இன்று எமக்கு எளிதாகத் தோன்றுகின்றது. அக்காலத்தில் அழைத்தவர் யார் என்பதைக் கணினி நினைவில் வைத்திருக்கவில்லை. அழைக்கும் நிரல் தான் நிற்கும் இடத்தின் அடையாளத்தைக் கையிற் கொடுத்தனுப்ப, துணைநிரல் அதனைக் கொண்டு தான் திரும்புதற்குரிய கட்டளையைத் தானே அமைத்துக் கொள்ளும் ஓர் உபாயத்தை வீலர் கண்டார். இன்று நாம் எழுதும் ஒவ்வொரு சார்பும் அவ்வுபாயத்தின் வழித்தோன்றலே.

மக்ரோவுக்கும் மதிப்புடைய வரலாறு உண்டு. பெல் ஆய்வுகூடத்து டக்ளஸ் மக்கில்ரோய் 1960இல் இதனை ஆராய்ந்து எழுதிய கட்டுரை இத்துறையில் முன்னோடியானது. 1977இல் பிரயன் கேர்னிகனும் டெனிஸ் ரிச்சியும் எம்4 என்னும் மக்ரோ மொழியை ஆக்கினர். சி மொழியிலும் மக்ரோ இடம்பெற்றது. தொகுப்பி தன் வேலையைத் தொடங்கு முன்னர், முன்செயலி என்னும் எழுத்தர் மூலநிரல் முழுவதையும் ஒருமுறை பிரதி பண்ணிச் செல்வார். ஷெல்லை எழுதிய போர்ன், இந்த எழுத்தரிடம் சற்று அதிகமாகவே வேலை வாங்கினார். அல்கோல் 68 என்னும் மொழியில் அவருக்குப் பற்று மிகுதி. ஆதலால் சி மொழியின் அடைப்புக்குறிகளை மக்ரோக்களால் மறைத்து, தமது ஷெல்லின் மூலநிரலை அல்கோல் போலத் தோன்றுமாறு எழுதினார். பின்வந்தோர் அதனை வாசிக்கப் பட்ட பாடு பெரிது. விளங்காத சி நிரல் எழுதுவோர்க்கு 1984இல் ஒரு சர்வதேசப் போட்டி தொடங்கப்பட்டபோது, அதற்குத் தூண்டுதலாயிருந்த நிரல்களுள் போர்னின் ஷெல்லும் ஒன்றெனப் போட்டியைத் தொடங்கியோரே கூறியுள்ளனர். அரிய ஷெல்லைத் தந்த பெரியாரை இழித்துரைப்பது என் நோக்கமன்று. வல்லவர் கையிலும் மக்ரோ என்ன செய்யும் என்பதைக் காட்டவே இதனை எடுத்துரைத்தேன்.

இனி ஆசிரியரின் கரும்பலகைக்கு மீள்வோம். வர்க்கம்(அ) என்பதற்கு அ * அ என்று ஒரு மக்ரோ எழுதுகின்றோம் எனக் கொள்க. வர்க்கம்(5) என்றால் 5 * 5 ஆகி 25 கிடைக்கும். வர்க்கம்(3 + 2) என்றால்? எழுத்தர் கூட்டல் அறியார். அ என்ற எழுத்தை அகற்றி, 3 + 2 என்ற எழுத்துகளை வைப்பார். 3 + 2 * 3 + 2 என்றாகும். பெருக்கல் முந்துவதால் 3 + 6 + 2, அதாவது 11. ஐந்தின் வர்க்கம் பதினொன்றாயிற்று! ஆசிரியர் கூறியவாறு அடைப்புக்குறி இடுவோம்: (அ) * (அ). இப்போது 25 வரும். ஆயினும் 100 / வர்க்கம்(5) என எழுதிப் பாருங்கள். 100 / (5) * (5) என விரிந்து, இடமிருந்து வலமாகச் சென்று 100ஐயே தரும். வர வேண்டியது 4. ஆகவே முழுவதையும் சுற்றி இன்னோர் அடைப்புக்குறி வேண்டும். சி மொழியிற் பழகியோர் மக்ரோக்களை அடைப்புக்குறிகளால் வேலியடைத்து எழுதுவது இதனாலேயே.

வேலியாலும் தடுக்க முடியாத பிழை ஒன்று உண்டு. இரண்டு எண்களுட் பெரியதைத் தரும் மக்ரோ ஒன்று எழுதுகின்றோம்: அ என்பது ஆ என்பதிலும் பெரிதாயின் அ, அன்றேல் ஆ. இம்மக்ரோவில் அ இரண்டிடங்களில் வருவதைக் கவனிக்க. வைத்தியசாலை வாயிலில் இலக்கமிட்ட துண்டுகளைக் கிழித்துக் கொடுப்பவரைப் போல, அழைக்கும் ஒவ்வொரு முறையும் அடுத்த இலக்கத்தைத் தரும் சார்பு ஒன்றும் எம்மிடம் இருப்பதாகக் கொள்வோம். அடுத்த துண்டு 15. அடுத்த துண்டும் 10உம் ஆகிய இரண்டிற் பெரியது எது என்று இம்மக்ரோவைக் கேட்டால், ஒப்பிடுவதற்காக ஒரு துண்டைக் கிழித்து 15 என்று கண்டு, ஆம் பெரிதென்று தெளிந்து, விடை சொல்வதற்காக இன்னொரு துண்டைக் கிழித்து 16 என்று கூறும். விடையும் பிழை, ஒரு நோயாளியின் துண்டும் வீண். எத்தனை அடைப்புக்குறி இட்டும் பயனில்லை. சார்போ, முதலில் ஒரு துண்டைக் கிழித்து அதன் இலக்கத்தைக் கையில் வாங்கிய பின்னரே உள்ளே செல்லும். உள்ளே எத்தனை முறை பார்த்தாலும் அது 15 தான். “எண்ணை வை” என்று ஆசிரியர் சொன்னது இதனையே.

இவையெல்லாம் சி மொழியின் சங்கடங்கள், ஸ்கிரிப்ட் மொழிக்கும் இவற்றுக்கும் என்ன தொடர்பு என்று மாணவர் வினவலாம். பாஷிலே இரண்டு வரிகளில் இதனைப் பரிசோதித்துப் பார்க்கலாம். ஒரு மாறியில் 3+2 என்ற எழுத்துகளை இடுக. அம்மாறியின் பெயர் க என்க. எண்கணிதத்துக்குரிய இரட்டை அடைப்பினுள் $க * $க என எழுதினால் விடை 11. டொலர்க் குறியை நீக்கி க * க என எழுதினால் விடை 25. டொலர்க் குறி, மாறியின் எழுத்துகளைக் கணக்குத் தொடங்கு முன்னரே அவ்விடத்தில் ஒட்டிவிடுகின்றது, அது பிரதியீடு. குறியின்றி எழுதினால், பாஷ் ஒவ்வொரு மாறியினுள்ளும் சென்று அதன் பெறுமானம் 5 எனக் கண்டுகொண்டு பெருக்குகின்றது. ஒரே மொழியில், ஒரே வரியில், இரண்டு கொள்கைகளும் அருகருகே நிற்பதைக் காண்பதற்கு இதனிலும் தெளிவான எடுத்துக்காட்டை நான் அறியேன்.

ஷெல் அடிப்படையில் எழுத்துகளை ஒட்டுகின்ற மொழி. அதனாலேயே அங்கு மக்ரோவின் ஆபத்துப் பெரிது. தமிழ் இலக்கணம் பயின்றவர்க்கு இது எளிதில் விளங்கும். பலகை என்பது ஒரு சொல்லாகவும் நிற்கும். பல, கை எனப் பிரிந்து இரு சொல்லாகவும் நிற்கும். இடைவெளியே பொருளைத் தீர்மானிக்கின்றது. ஷெல்லுக்கும் அவ்வாறே. “இயல் 2” என்று இடைவெளியோடு பெயரிட்ட ஒரு கோப்பைக் கட்டளைக்குக் கொடுக்கும்போது மேற்கோட் குறி இடாவிட்டால், இயல் என்றொரு கோப்பும் 2 என்றொரு கோப்பும் எனக் கொண்டு ஷெல் இரண்டையும் தேடும்.

ஷெல்லில் மக்ரோவின் இடத்தில் நிற்பது மாற்றுப்பெயர் எனப்படுவது. 1970களின் இறுதியிற் கலிபோர்னியாவில் பில் ஜோய் ஆக்கிய சீ ஷெல் இதனைப் பரவச் செய்தது. ஒரு கட்டளையின் முதற்சொல் மாற்றுப்பெயராயின், ஷெல் அச்சொல்லை அகற்றி அதற்குரிய தொடரை இட்ட பின்னரே கட்டளையைப் பொருள்கொள்ளும். போர்னின் ஷெல்லில் முதலில் மாற்றுப்பெயரும் இல்லை, சார்பும் இல்லை. சார்பு 1984இல் வெளிவந்த பதிப்பிலேயே சேர்ந்தது. டேவிட் கோர்ன் 1983இல் அறிமுகஞ் செய்த ஷெல்லில் இரண்டும் இருந்தன. பாஷும் இரண்டையும் ஏற்றது. ஏற்றபோதிலும், ஏறக்குறைய எத்தேவைக்கும் மாற்றுப்பெயரிலும் சார்பே விரும்பத்தக்கது என்று பாஷின் கைந்நூலே கூறுகின்றது. தன் வீட்டுப் பிள்ளைகளுள் ஒன்றைப் பற்றித் தாய் இவ்வாறு கூறுவது அரிது.

காரணங்கள் பல. பாஷின் மாற்றுப்பெயர் உள்ளீடுகளைப் பெற அறியாது. அதன் பின்னே நாம் எழுதும் சொற்கள் வாற்புறத்தில் ஒட்டி நிற்குமேயன்றி நடுவிலே நுழையமாட்டா. ஒரு கோப்புறையை ஆக்கி, உடனே அதனுட் புகவும் வேண்டும் எனக் கொள்க. கோப்புறையின் பெயர் இரண்டு கட்டளைகளிலும் வரவேண்டும். மாற்றுப்பெயரால் இஃது இயலாது. சார்போ பின்வருமாறு முடிக்கும்:

புதிதிற்_புகு ( ) {
கோப்புறை_ஆக்கு "$1" && உட்செல் "$1"
}

இங்கு $1 என்பது முதலாவதாகக் கொடுக்கப்பட்ட பொருள். இரட்டை மேற்கோள், அப்பொருளினுள் இடைவெளி இருப்பினும் அதனை உடையாமற் காக்கின்றது. அட்சரகணிதத்தில் ஆசிரியர் இட்ட வளைகோடுகளின் தொழிலே இது. நடுவிலுள்ள && குறி, முதற் கட்டளை வெற்றி பெற்றாலன்றி இரண்டாவதைச் செய்யாதே என்கின்றது.

மேலும், மாற்றுப்பெயர் விரிக்கப்படுவது வரியை வாசிக்கும் வேளையில், நிறைவேற்றும் வேளையிலன்று. ஆதலால் ஒரே வரியில் மாற்றுப்பெயர் ஒன்றை வகுத்து, அவ்வரியிலேயே அதனை அழைத்தால் ஷெல் அறியேன் என்று கைவிரிக்கும். எல்லாவற்றிலும் முக்கியமானது இனி வருவது: ஸ்கிரிப்ட் ஒன்றினுள்ளே பாஷ் மாற்றுப்பெயர்களை விரிப்பதே இல்லை. அதற்கென உள்ள தெரிவை நாமே திறந்துவிட்டாலன்றி, மனிதர் நேரே அமர்ந்து தட்டெழுதும்போது மாத்திரமே அவை உயிர் பெறும். இவ்வொரு விதியை அறியாமையே எனது நட்டத்துக்குக் காரணம்.

மேற்குறித்த ஆசிரியர் காலமான பின்னர், அவர்தம் குடும்பத்தார் அவருடைய பாடக் குறிப்புகள் எழுதிய கொப்பிகள் ஆறனை என்னிடம் ஒப்படைத்தனர். கறையான் அரித்து, தொட்ட இடமெல்லாம் உதிரும் நிலையில் அவை இருந்தன. 2015ஆம் ஆண்டில் ஒரு மாத காலம் மாலைதோறும் பக்கம் பக்கமாகப் படம் பிடித்தேன். தெளிவில்லாத படங்களும் இடையிடையே கலந்திருந்தன. எனது கணினியில் நீக்கு என்னும் கட்டளைக்கு, “ஒவ்வொன்றுக்கும் கேட்டு நீக்கு” என்று ஒரு மாற்றுப்பெயரைப் பல ஆண்டுகளுக்கு முன்னரே வகுத்து வைத்திருந்தேன். பலரும் செய்வது இது; சில முறைமைகள் நிருவாகியின் கணக்கில் இதனைத் தாமே செய்துவைத்தும் தருகின்றன. ஆகவே கோப்புறையிலுள்ள அனைத்தையும் குறிக்கும் உடுக்குறியை இட்டு, நீக்கு * எனத் தட்டெழுதி, ஒவ்வொரு படத்துக்கும் ஆம், இல்லை என விடையளித்து, தெளிவற்றவற்றை மாத்திரம் களைவேன். நான்கு கொப்பிகள் இவ்வண்ணமே முடிந்தன.

எஞ்சிய இரண்டு கொப்பிகளுக்கும் வேலையைச் சுருக்க எண்ணி, படங்களை ஒழுங்கு செய்யும் கட்டளைகளோடு நீக்கு * என்ற வரியையும் ஒரு ஸ்கிரிப்டாக எழுதினேன். கேட்கும் என்றே இருந்தேன். இயக்கினேன். கேட்கவில்லை. ஸ்கிரிப்டினுள்ளே மாற்றுப்பெயர் இல்லை. எஞ்சியிருந்தது உண்மையான நீக்கு மட்டுமே. அது வினவுவதில்லை. குறி மீண்டும் திரையில் வந்து நின்றபோது இரண்டு கோப்புறைகளும் வெறுமையாயிருந்தன. அவ்விரண்டு கொப்பிகளின் தாள்களும் படம் பிடிக்கும்போதே நொறுங்கிப் போனமையால் அவற்றை முன்னரே அப்புறப்படுத்தியிருந்தேன். கமராவின் நினைவக அட்டையையும் துடைத்து மீளப் பயன்படுத்தத் தொடங்கியிருந்தேன். அதிலிருந்து மீட்கக்கூடியதாயிருந்தவை 23 பக்கங்கள். ஏனையவை போயின. பிரதியீட்டைப் பற்றி எம்மை எச்சரித்த மனிதரின் கையெழுத்து, என் பிரதியீட்டாலேயே அழிந்தது.

அன்றிரவு உறக்கமின்றிச் சிந்தித்தபோது, பிழை ஸ்கிரிப்டில் இல்லை என்பது தெளிவாயிற்று. அபாயமான ஒரு கட்டளையின் பெயரிலேயே மென்மையான ஒன்றை மறைத்து வைத்ததே பிழை. அதனால் என் கை, நீக்கு என்றால் கேட்கும் என்று பழகிவிட்டது. அப்பழக்கம் மாற்றுப்பெயர் இல்லாத ஒவ்வோர் இடத்திலும், பிறர் கணினியிலும், ஸ்கிரிப்டிலும், என்னைக் காத்திருந்து ஏமாற்றக் கூடியது. அதன் பின்னர் அம்மாற்றுப்பெயரை அழித்துவிட்டு, வேறொரு பெயரில் ஒரு சார்பை எழுதினேன்:

கழி ( ) {
கோப்புறை_ஆக்கு ~/குப்பை
நகர்த்து -- "$@" ~/குப்பை
}

கழி என்றால் எதுவும் அழிவதில்லை. குப்பை என்னும் கோப்புறைக்குச் செல்கின்றது. அக்கோப்புறை முன்னரே இருப்பின் முறையிடாதே என்னும் குறியை முதற் கட்டளைக்கு இடுதல் வேண்டும். "$@" என்பது கொடுக்கப்பட்ட அனைத்தையும், ஒவ்வொன்றையும் தனித்தனியே உடையாமல், கொண்டு செல்கின்றது. அதன் முன்னுள்ள இரட்டைக் கோடு, பெயர் சிறு கோட்டில் தொடங்கும் கோப்பொன்றைக் கட்டளைக்குரிய குறியென நகர்த்து மயங்காதவாறு தடுக்கின்றது. உள்ளீடு கட்டளையின் நடுவில் வருவதால் இதனை வெறும் மாற்றுப்பெயராக அப்படியே எழுதவும் முடியாது. ஒரே பெயருடைய இரண்டு கோப்புகளைக் கழித்தாற் பின்னது முன்னதன்மேல் எழுதிவிடும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆகையால் நான் இப்போது குப்பையினுள் நாளுக்கொரு கோப்புறையாகப் பிரித்து வைப்பதோடு, பழையதை இலக்கமிட்டுப் பேணும் குறியையும் நகர்த்துக்கு இடுகின்றேன்.

கழி என்னும் சார்பும் ஸ்கிரிப்டினுள்ளே தானாக வந்து நிற்பதில்லை என்று கூரிய மாணவர் எடுத்துக்காட்டலாம். உண்மையே. எனது கணக்கின் தொடக்கக் கோப்பில் எழுதிய சார்பை ஸ்கிரிப்ட் அறியாது. அதனுள்ளேயே எழுதவோ, சார்புகள் உள்ள கோப்பை முதலில் வாசிக்குமாறு பணிக்கவோ வேண்டும். ஆயின் மறந்துவிட்டால் என்ன நிகழும் என்பதே வேறுபாடு. கழி என்றொரு கட்டளை இல்லை என்று ஷெல் முறையிட்டு, 127 என்னும் தோல்வி எண்ணைத் தரும். ஒரு கோப்பும் அசையாது. முன்னைய ஏற்பாட்டில் மறதியின் விலை இரண்டு கொப்பிகள். இப்போது அதன் விலை ஒரு வரி முறைப்பாடு. தோல்வி எண் வந்தபின்னும் அடுத்த வரிக்குச் செல்வது ஷெல்லின் இயல்பாகையால், தோல்வி கண்டவிடத்து நிற்குமாறு ஸ்கிரிப்டின் தலைப்பிற் பணித்துவிடுவதும் நன்று.

சார்பைப் புகழ்ந்தது போதும். அதன் குறைகளையும் கூறாவிடின் பாடம் நிறைவுறாது. கட்டளையொன்றின் பெயரையே சார்புக்கும் இட்டு, அதனுள்ளே அக்கட்டளையை அழைத்தால், சார்பு தன்னையே அழைத்து, அது தன்னையே அழைத்து, முடிவின்றிச் செல்லும். மாற்றுப்பெயருக்கு இந்நோய் இல்லை. தன் பெயரைத் தானே மீண்டும் விரிக்காதிருக்க அதற்குத் தெரியும். சார்பினுள்ளே, சார்புகளை விடுத்து உண்மைக் கட்டளையையே அழைக்க என்று பணிக்கும் முன்மொழி ஒன்று உண்டு. அதனை இடுதல் வேண்டும். இன்னொன்று: பாஷின் சார்பினுள்ளே பயன்படும் மாறிகள், இது இச்சார்புக்கே உரியது என்று அறிவிக்காவிடில் வெளியிலும் செல்லும். ஒருமுறை கொப்பிகளை எண்ணும் சுற்றிலும், அதனுள் அழைக்கப்பட்ட சார்பிற் பக்கங்களை எண்ணும் சுற்றிலும் ஒரே மாறியைப் பயன்படுத்தினேன். முதற் கொப்பி முடிந்ததும் கணினி தொண்ணூற்றிரண்டாம் கொப்பியைத் தேடிற்று. உயர்தர வகுப்பிற் பைதன் மொழியைப் பயிலும் மாணவர் இவ்விடயத்தில் நற்பேறு பெற்றவர். அம்மொழியிற் சார்பினுட் பெறுமானமிடப்படும் மாறி இயல்பாகவே அச்சார்புக்குரியது. மக்ரோவுக்கு அங்கு இடமே இல்லை.

மக்ரோவே வேண்டாமோ எனின், அவ்வாறும் கூறேன். லிஸ்ப் குடும்பத்து மொழிகளில் மக்ரோ எழுத்துகளை ஒட்டுவதில்லை. நிரலின் அமைப்பையே கையிலெடுத்து உருமாற்றுகின்றது. கொடுத்ததை முன்னரே மதிப்பிடாமல், வேண்டும்போது மதிப்பிடும் புதிய கட்டுப்பாட்டு வடிவங்களை அதனால் ஆக்கலாம். வெறும் சார்பால் இவற்றை அதே எளிமையோடு செய்தல் அரிது. அது வேறு கலை, வேறு பாடம். சி மொழியிலும் 1999ஆம் ஆண்டு நியமத்தின் பின்னர், வேகத்துக்காக மக்ரோவை நாடும் தேவை பெரிதும் குறைந்தது. சார்பையே எழுதிவிட்டு, இயலுமாயின் இதனை அழைக்குமிடத்திலேயே விரித்துக்கொள் என்று தொகுப்பியிடம் கேட்டுக்கொள்ளலாம். தொகுப்பி கணிதம் அறிந்த எழுத்தர். பெறுமானத்தை வாங்கிய பின்னரே விரிக்கும்.

பயிற்சியாக ஒன்று. கொப்பியின் பெயரையும் பக்க எண்ணையும் பெற்று, படத்துக்கு அவ்விரண்டும் சேர்ந்த ஒரு பெயரிடும் சார்பை எழுதுக. கொப்பியின் பெயர் “அட்சரகணிதம் இரண்டாம் பகுதி” என இடைவெளிகளோடு இருந்தாலும் அது பிழையின்றி இயங்க வேண்டும். அப்பெயரில் ஏற்கெனவே ஒரு படம் இருப்பின், அதன்மேல் எழுதாமல் தோல்வி எண்ணோடு நிற்கவும் வேண்டும். இக்கடைசி நிபந்தனையை விட்டுவிடுவோர் எத்தனை பேர் என்பதை ஆசிரியர்கள் எனக்கு அறியத் தந்தால் மகிழ்வேன்.

அழிந்த கொப்பிகள் இரண்டனுள் ஒன்று இருபடிச் சமன்பாடுகள் பற்றியது. மற்றையது கேத்திரகணிதத்தில் வட்டமும் வட்ட நாற்பக்கலும் பற்றியது. ஆசிரியர் கரும்பலகையில் எழுதியவற்றை நாம் ஒரு வரியும் விடாமற் பிரதி பண்ணியிருந்தோம் என்பதைப் பழைய மாணவர் அறிவர். 1970 தொடக்கம் 1985 வரையான காலத்தில் அவரிடம் பயின்றோர் எவரிடமேனும் அப்பாடங்கள் எழுதிய கொப்பி, பெட்டியடியிலோ பரணிலோ, இன்னும் இருக்குமாயின், அதனைச் சங்கக் காரியதரிசியிடம் ஒரு நாளைக்கு இரவல் தருமாறு வேண்டுகின்றேன். ஓரங்கள் கிழிந்திருப்பினும், பக்கங்கள் குறைந்திருப்பினும் தடையில்லை. படங்கள் வேறு வேறு இடங்களில் மூன்று பிரதிகளாகப் பேணப்படும்; கொப்பி அன்று மாலையே உரியவரிடம் திருப்பி ஒப்படைக்கப்படும்.